கூமுனை வில்லு: நாளைப் பார்க்காதீர்கள், தண்ணீரைப் பாருங்கள்

குமண தேசியப் பூங்காவுக்குப் போய்வந்தவரிடம் எவரும் கேட்கும் முதல் கேள்வி "சிறுத்தை கண்டீங்களா?" என்பதுதான். கண்டிருந்தால் பயணம் நல்லது, காணாவிட்டால் காசு வீண் என்று கணக்கு முடிந்துவிடுகிறது. யாலைக்கு அந்தக் கணக்கு பொருந்தலாம். குமணவுக்குப் பொருந்தாது. இது தண்ணீருக்கும் பறவைக்கும் பெயர்போன இடம். நம் பக்கத்து ஆட்கள் கூமுனை என்று சொல்லும் அந்த வில்லில், அதாவது ஆற்றோரத்து ஆழமில்லாத சதுப்பு நீர்நிலையில், தண்ணீர் சரியான அளவில் நிற்கும்போது போனால், அம்பாறை மாவட்டத்தில் ஒரு முழு நாளைச் செலவழிக்க இதைவிட நல்ல இடம் இல்லை என்றே சொல்வோம். தண்ணீர் பிழைத்த நேரத்தில் போனால் நாலு மயில், பத்து எருமை, மிச்சம் புழுதி.

வாயில் உகந்தையில், முருகன் கோயிலுக்கு அருகே இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் வரை நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கிருந்து அறுகம்குடா, பாணமை, உகந்தை என்று இன்னும் முப்பதுக்கு மேல் ஓட வேண்டும். பாணமைதான் கடைசி ஊர். பூங்காவின் பரப்பு 35,664 ஹெக்டேயர். இதற்குள் அடங்கும் கூமுனைப் பறவைகள் சரணாலயம் 1938இலேயே அறிவிக்கப்பட்டது. போர்க்காலத்தில் 1985 முதல் 2003 வரை பூங்கா மூடிக்கிடந்தது. 2004 சுனாமி இந்தக் கரையையும் அடித்தது. யால கிழக்கு என்றிருந்த பெயர் 2006இல் குமண ஆனது. 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்தது. யாலையோடு ஒட்டிக் கிடந்தாலும் அங்குள்ள ஜீப் நெரிசல் இங்கே இல்லை. ஒரு குளக்கரையில் அரை மணி நேரம் நின்றாலும் பின்னால் யாரும் ஹோன் அடிக்கமாட்டார்கள். பறவை பார்ப்பவருக்கு இது பெரிய கொடுப்பினை.

இனித் தண்ணீர். பூங்காவுக்குள் இருபது வரையான களப்புகளும் குளங்களும் இருக்கின்றன. பெரும்பாலானவை இரண்டு மீற்றர் ஆழம்கூட இல்லாதவை. இவற்றில் பெயர்போனது கூமுனை வில்லு. ஏறத்தாழ 200 ஹெக்டேயர். பூங்காவின் தெற்கு எல்லையாக ஓடும் கும்புக்கன் ஆற்றிலிருந்து ஒடுங்கிய வாய்க்கால் ஒன்று இதற்குத் தண்ணீர் கொண்டுவருகிறது. சில வேளை கடல் நீரும் ஏறிவிடும். கிழக்குக் கரையில் வாழ்பவருக்கு இந்தப் பாடம் புதிதல்ல. மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தைக் கோடையில் மணல் மூடுவதும், மாரி வெள்ளத்தில் அது வெட்டுப்படுவதும் நாம் பார்த்து வளர்ந்த காரியம். ஆற்று முகம் மூடிக் கிடக்கும்போது தண்ணீர் உள்ளே தேங்கும். திறந்துகொண்டால் வடியும், உப்பும் ஏறும். ஆகவே ஒரே வைகாசி மாதம் ஓராண்டில் வில்லு நிறைந்திருக்கும், இன்னோராண்டில் சேறு வெடித்துக் கிடக்கும். நாட்காட்டியை மட்டும் நம்பி ஜீப் பிடிப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

கூடுகட்டும் பறவைக்கு இரண்டு விதமான தண்ணீர் ஒரே நேரத்தில் தேவை. கூட்டு மரத்தின் அடியில் தண்ணீர் நிற்க வேண்டும். நரி, காட்டுப்பூனை, உடும்பு எல்லாம் மரத்தை அண்டாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். அது வற்றினால் முட்டையும் குஞ்சும் போய்விடும். தாய்ப்பறவைகளே கூட்டை விட்டுப் போவதும் உண்டு. இரை தேடும் இடத்திலோ ஆழம் குறைய வேண்டும். நாரையும் கொக்கும் நீந்துபவை அல்ல, நடந்து பிடிப்பவை. ஒரு சாண் ஆழத்துக்கு மேல் போனால் பெரும்பாலானவற்றுக்கு வேலை இல்லை. மாரியில் நிறைந்த நீர் மெல்ல வடியும்போது மீன்கள் ஒடுங்கிய இடங்களில் குவிகின்றன. குஞ்சுக்கு ஊட்ட அதுதான் தருணம். ஊவாப் பக்கத்திலிருந்து வரும் ஆறு என்பதால் சித்திரையில் மேலே பெய்யும் மழையும் கொஞ்சம் கைகொடுக்கும். இவை எல்லாம் கூடிவருவது வழக்கமாக வைகாசி முதல் ஆடி வரை.

புறப்படுமுன் பாணமையிலுள்ள ஜீப் சாரதிக்குப் போன் எடுத்து "இப்ப பறவை இருக்கா?" என்று கேட்காதீர்கள். இருக்கு என்றுதான் பதில் வரும். "கிண்ணை மரத்தடியில் தண்ணி நிற்குதா? மூச்சுவேர் முனை தெரியுதா?" என்று கேளுங்கள். வில்லின் முக்கியமான மரம் கிண்ணை. அதன் மூச்சுவேர்கள் கூரிய முளைகளாகச் சேற்றிலிருந்து நிமிர்ந்து நிற்கும். முளை முழுவதும் மூழ்கியிருந்தால் தண்ணீர் அதிகம். நீர்க்காகம், பாம்புத்தாரா, கூழைக்கடா கிடைக்கும், நடந்து மேயும் பறவைகள் ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கும். மரத்தடியில் தண்ணீர் நின்று, ஓரத்து முளைகளின் நுனி மட்டும் தெரிந்தால் அடுத்த நாளே போங்கள். முளைகளைச் சுற்றி உலர்ந்த சேறு என்று சொன்னால் வில்லை விட்டுவிட்டுக் குளங்களைக் கேளுங்கள். சாரதிக்கு இது தெரியாவிட்டால் அவர் சிறுத்தைக்கு மட்டும் ஓடுபவர், வேறொருவரைப் பாருங்கள்.

மற்ற மாதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கார்த்திகை, மார்கழியில் மழையும் சேறும்; பாதையை நம்ப முடியாது. தைக் கடைசி முதல் பங்குனி வரை வடக்கிலிருந்து வந்த வாத்துகளும் உள்ளான்களும் களப்போரங்களில் நிற்கும். ஊசிவால் வாத்து, சிறகி, நெடுங்கால் உள்ளான் எல்லாம் அப்போது நன்றாகக் கிடைக்கும். ஆவணி, புரட்டாதியில் கச்சான் காற்றும் புழுதியும். யானை பார்ப்பவருக்கு அது நல்ல காலம், பறவைக்கு மெலிந்த காலம்.

இந்த ஆழக் கணக்கு குமணவுக்கு மட்டும் உரியதல்ல. வீதி போடக் கிரவல் அள்ளிய குழிகள் நம் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்கள் இரண்டிலும் ஊருக்கு ஊர் கிடக்கின்றன. மாரியில் அவை நிறைந்துவிடும். போகிற வழியிலேயே அப்படியான குழிகளைக் காணலாம். ஆனால் அங்கே ஒரு மீன்கொத்தி, ஒரு நீர்க்காகம், அவ்வளவுதான் நிற்கும். காரணம் கரை. இயந்திரம் வெட்டிய கரை செங்குத்தாக இறங்குகிறது. ஓரத்திலேயே ஆள் ஆழம். நாரைக்குக் கால் வைக்க இடமில்லை, பன் முளைக்க மண் இல்லை. குளிக்க இறங்கும் பிள்ளைகளின் உயிரை எடுப்பதும் அதே செங்குத்துக் கரைதான். இங்கிலாந்தில் நொட்டிங்ஹாம் அருகே அட்டன்பரோ என்ற இடத்தில், 1929 முதல் கிரவல் தோண்டிய குழிகள் 1966இல் இயற்கைக் காப்பகமாகத் திறக்கப்பட்டன. இப்படியான குழியை ஈரநிலமாக மாற்றுபவர்கள் முதலில் கை வைப்பது கரையில்தான். ஒரு மீற்றர் இறங்கப் பத்து மீற்றர் நீளமாவது வரும்படி சரிவை இழுத்துவிடுவார்கள். நடுவே மண் திட்டுகளை விடுவார்கள், நீர்மட்டத்தை ஏற்றி இறக்க மதகு வைப்பார்கள். பறவை தானாக வரும். கூமுனை வில்லின் ஓரத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள்: எங்கே கரை முடிகிறது, எங்கே தண்ணீர் தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. அந்தக் கோடில்லாத இடத்தில்தான் முக்கால்வாசிப் பறவைகளும் நிற்கும். நம் ஊர்க் கிரவல் குழிகளில் ஒன்றிரண்டையாவது பிரதேச சபைகள் இப்படிச் சரித்துவிட்டால் பிள்ளைகளும் பிழைக்கும், கொக்கும் இறங்கும்.

ஜீப் பிடிக்கும் விஷயத்தில்தான் பலருக்கும் பயணம் பிழைக்கிறது. அறுகம்குடாவிலிருந்தும் பிடிக்கலாம், பாணமையிலிருந்தும் பிடிக்கலாம். அறுகம்குடாவில் பிடித்தால் விடிய முன் தங்குமிடத்துக்கே வருவார்கள். தூரத்துக்கு ஏற்ப வாடகையும் கூடும். சொந்த வாகனத்தில் வருபவர் பாணமை வரை வந்து அங்கே ஜீப் ஏறினால் செலவு குறையும். மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கர வண்டிக்கும் உள்ளே அனுமதி இல்லை. தாழ்ந்த காரைக் கொண்டுபோவதை மறந்துவிடுங்கள்.

பேசும்போது வாடகையில் டிக்கெட் அடங்குமா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அடங்காது. அடுத்தது நேரம். அரை நாள் என்றால் சாரதி நினைப்பது நாலு மணி நேரம், நீங்கள் நினைப்பது ஆறு. இதில் வரும் சண்டைதான் அதிகம். எத்தனை மணிக்கு வாயிலைத் தாண்டித் திரும்பி வருவது என்று மணியைச் சொல்லிப் பேசுங்கள். மூன்றாவது, "நாங்கள் பறவைக்கு வாறம், நேரே வில்லுக்குப் போகணும், நிற்கச் சொன்ன இடத்தில் எஞ்சினை நிப்பாட்டணும்" என்று முதலே சொல்லிவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டீசல் எஞ்சின் முழு ஜீப்பையும் அதிரவைக்கும். அந்த அதிர்வில் எவ்வளவு நல்ல பைனாகுலரிலும் பறவையின் கண் தெரியாது. சொல்லாவிட்டால் பலர் நிப்பாட்டமாட்டார்கள், யானை வந்தால் உடனே எடுக்க வேண்டுமே என்ற பயம். யானை இல்லாத திறந்த களப்போரத்தில் அந்தப் பயத்துக்கு இடமில்லை.

ஆறு பேர் இருக்கலாம் என்பார்கள். பறவை பார்க்க நாலு பேர்தான் கணக்கு. நடுவில் இருப்பவருக்கு இரண்டு பக்கமும் தலைகள்தான் தெரியும். பின் வரிசை அச்சுக்கு மேலே இருப்பதால் குலுக்கல் அதிகம். முதுகு வலி உள்ளவரும் வயதானவரும் முன் வரிசையில் ஏறட்டும். கர்ப்பிணிகள் இந்தப் பாதையைத் தவிர்ப்பது நல்லது.

பூங்கா காலை ஆறு மணிக்குத் திறந்து மாலை ஆறுக்கு மூடும். வில்லு வாயிலுக்குப் பக்கத்தில் இல்லை. பூங்காவின் தென்முனையில், ஆற்றுக்கு அண்மையில் கிடக்கிறது. பூங்காவுக்குள் வேகக் கட்டுப்பாடு இருக்கிறது, பாதை மண் பாதை. வழியில் நிற்காமல் போனாலும் ஒரு மணி நேரத்தை ஒதுக்கிவைக்க வேண்டும். இதனால்தான் பிற்பகல் அரை நாளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இரண்டு மணிக்கு நுழைந்தால் வில்லில் நிற்கக் கிடைப்பது கூடிப்போனால் இரண்டு மணி நேரம்தான், பிறகு வாயில் மூட முன் ஓட வேண்டும். காலை அரை நாள் பரவாயில்லை. கட்டுபடியாகுமென்றால் முழு நாள்தான் சரி.

முழு நாளுக்கு ஒரு ஒழுங்கு சொல்கிறோம். உகந்தையிலிருந்து தெற்கே போகும்போது கடல் இடது கையில். காலைச் சூரியனும் அந்தப் பக்கமே. ஆகவே கடற்கரைக் களப்புகளைக் காலையில் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். கொக்கா வக்காவா என்றே பிரிக்க முடியாது. அவற்றை விட்டுவிட்டு நேரே வில்லுக்குப் போங்கள். பத்து மணிக்குப் பிறகு தண்ணீருக்கு மேல் கானல் ஆடத் தொடங்கும், தூரத்துப் பறவை நெளிந்து தெரியும். அந்த நேரத்தைக் கும்புக்கன் ஆற்றோரத்து மருத மர நிழலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி காட்டும் இடத்தில் மட்டுமே இறங்கலாம். ஆற்றில் கால் கழுவப் போகாதீர்கள். முதலை இருக்கிறது, கலங்கிய தண்ணீரில் உங்கள் கண்ணுக்குப் படாது. மூன்று மணிக்குப் பிறகு திரும்பும் வழியில் களப்புகளைப் பாருங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும், இறகின் நிறம் முழுவதும் விளங்கும்.

வாயிலில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். வனஜீவராசிகள் திணைக்களக் கருமபீடத்தில் டிக்கெட் எடுக்க வேண்டும். தேசிய அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். உள்நாட்டவர் கட்டணமும் வெளிநாட்டவர் கட்டணமும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த மாமா, சித்திமார் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் வெளிநாட்டவர் கட்டணம்தான். அங்கே நின்று வாதாடி விடியல் வெளிச்சத்தை இழக்காதீர்கள், வீட்டிலேயே கணக்குப் போட்டுவிடுங்கள். ஆள் கட்டணத்துக்கு மேலே வாகனக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி என்று சேரும். கழிப்பறை வேலையையும் வாயிலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். உள்ளே கடை இல்லை. முழு நாளுக்கு ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், கட்டுச்சோறு, குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு துணிப்பை. சொப்பிங் பைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். காற்றில் பறந்தால் இறங்கி எடுக்கவும் முடியாது, அது நேரே களப்புக்குத்தான் போகும். போன் சிக்னலை நம்ப வேண்டாம்.

இனிப் பறவை. இந்தப் பூங்காவில் 255 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. அவ்வளவையும் துரத்தத் தேவையில்லை. நன்றாகத் தண்ணீர் நிற்கும் ஓரமொன்றில் எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரே பறவையை இருபது நிமிடம் பாருங்கள். மஞ்சள் மூக்கு நாரையை எடுத்துக்கொள்வோம், சங்குவளை நாரை என்றும் சொல்வார்கள். அலகைக் கொஞ்சம் திறந்தபடி முகம் வரை தண்ணீருக்குள் விடும். பிறகு தலையைப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டே நடக்கும், ஒரு காலால் அடிச்சேற்றைக் கிளறும், இடைக்கிடை ஒரு செட்டையைச் சட்டென்று விரிக்கும். அது கண்ணால் தேடவில்லை. கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கு வேலை இல்லை. மீன் அலகில் முட்டிய கணத்தில் அலகு எலிப்பொறி மாதிரி மூடிக்கொள்ளும். தலையை நிமிர்த்தி மீனின் தலை முன்னே போகும்படி திருப்பி விழுங்கும். பக்கத்தில் நிற்கும் கரண்டிவாயனும் அதே தொடுவுணர்ச்சி வேலையைத்தான் செய்கிறது, ஆனால் அலகை இடமும் வலமுமாக வீசிக்கொண்டு முன்னே போகும். நத்தைகுத்தி நாரையின் இரண்டு அலகுகளுக்கும் நடுவே ஒரு இடைவெளி தெரியும். குஞ்சுகளுக்கு அது இல்லை, வளர வளரத்தான் வரும். இடைவெளி இல்லாத சாம்பல் நிற நாரையைக் கண்டு வேறு இனம் என்று எழுதிவிடாதீர்கள்.

வெள்ளைக் கொக்குகளைப் பிரிப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். அலகு கறுப்பு, கால் கறுப்பு, விரல் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. பெருங்கொக்கின் வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், கழுத்து நடுவில் முறிந்த மாதிரி மடியும். வாய்க்கோடு கண்ணோடு நின்றுவிட்டால் அது நடுத்தரக் கொக்கு. உருவத்தை வைத்துச் சொல்லப் போகாதீர்கள், தனியாக நிற்கும்போது எல்லாம் ஒரே அளவாகத்தான் தெரியும்.

கருங்கழுத்து நாரையைக் கண்டால் அந்த நாளை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இலங்கை முழுவதிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே மிஞ்சியிருக்கிறது. ஆளுயரத்தை நெருங்கும் பறவை, சிவந்த நீண்ட கால். கண் மஞ்சளாக இருந்தால் பெட்டை, கறுப்பாக இருந்தால் சேவல். இதைப் பார்த்ததும் ஜீப்பைக் கிட்டக் கொண்டுபோகச் சொல்லாதீர்கள். பறந்தால் அடுத்த களப்புக்குப் போய்விடும், பின்னால் வருபவருக்கும் இல்லை. கூட்டு மரங்களுக்கும் இதே சொல்தான். தாய் எழும்பிய நிமிடத்தில் காகம் இறங்கும், நண்பகல் வெயில் இறகு முளைக்காத குஞ்சைக் காயவைக்கும். எழுந்து நின்று பார்க்கிற பறவையைக் கண்டால் நீங்கள் ஏற்கெனவே கிட்ட வந்துவிட்டீர்கள், பின்னால் எடுக்கச் சொல்லுங்கள்.

பைனாகுலர் இல்லாமல் போவது பாதிக் காசை வாயிலிலேயே விட்டுவிட்டுப் போவதற்குச் சமம். 8×42 போதும். பத்து மடங்கு பெருக்கினால் பறவையோடு சேர்த்துக் கை நடுக்கமும் ஜீப் ஆட்டமும் பெருகும். ஏறுவதற்கு முன் வாயிலருகிலேயே கண்ணுக்குச் சரிசெய்துவிடுங்கள்: வலக்கண் பக்கத்தை மூடி இடக்கண்ணால் ஒரு பெயர்ப்பலகையை நடுச்சக்கரத்தால் கூர்மையாக்குங்கள், பிறகு இடதை மூடி, அதே பலகையை வலக்கண் வளையத்தால் மட்டும் கூர்மையாக்குங்கள். இதைச் செய்யாதவருக்கு ஒரு மணி நேரத்தில் தலையிடி வரும். முக்காலி ஜீப்பில் உதவாது. கமராக்காரர் ஒரு துணிப்பையில் ஒன்றரைக் கிலோ அரிசி கட்டிக் கொண்டுபோய் ஜீப்பின் கம்பி மேல் வைத்து அதில் லென்ஸைப் பதியுங்கள். அதிர்வை அரிசி வாங்கிக்கொள்ளும். வீடு வந்ததும் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைக்க வேண்டாம். அதில் படிந்திருப்பது உப்பும் மணலும். முதலில் ஊதுகுழலால் ஊதி விழுத்துங்கள், பிறகு ஈரத் துணி. நம் கரைக் காற்றின் ஈரத்துக்கு அலுமாரிக்குள் வைத்த கமராவில் பூஞ்சணம் பிடிக்கும். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

குறை என்றும் சொல்ல இருக்கிறது. மறைந்திருந்து பார்க்கும் கூடத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஜீப்தான் உங்கள் மறைப்பு. உள்ளே வரும் திணைக்கள வழிகாட்டிகள் காட்டை நன்றாக அறிந்தவர்கள், சிலரின் கண் கூர்மை வியப்பானது. ஆனால் பறவையின் தமிழ்ப் பெயரைச் சொல்லித் தருவார்கள் என்று எண்ணிப் பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள், பெயர்ப் பட்டியலை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். எங்காவது சிறுத்தை என்று தகவல் வந்தால், நீங்கள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் ஜீப் அந்தப் பக்கம் திரும்பிவிடும். வைகாசி, ஆனியில் பாலைப்பழம் பழுக்கும்போது கரடி வெளியே வரும். அதற்கு ஒரு கால் மணி நேரம் கொடுப்பது நியாயம்தான்.

கதிர்காமக் கொடியேற்றத்துக்கு முன்னால் பாதயாத்திரைக்காக உகந்தையில் காட்டுப்பாதை திறக்கும் நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்த நாட்களில் வாயிலடி அடியார்களால் நிறைந்திருக்கும். பறவைக்காகப் போகிறவர்கள் திகதியைக் கேட்டுத் தள்ளிப்போடுவது நல்லது. போயே ஆக வேண்டுமென்றால் நடந்துபோகிறவர்களைக் காணும் இடமெல்லாம் சாரதியை ஊரச் சொல்லுங்கள். வெறுங்காலோடு, தலையில் மூட்டையோடு போகிற ஆச்சிமார் மேல் புழுதியை அடித்துவிட்டுப் போவது பெரும் பாவம்.

தண்ணீர் சரியில்லை என்று தெரிந்தும் பொத்துவில் வரை வந்துவிட்டவர்களுக்கு லகுகலைக் குளமும் பொத்துவில் களப்புத் தோணிப் பயணமும் இருக்கின்றன. தோணியில் எஞ்சின் இல்லாததைக் கேட்டு ஏறுங்கள்.

திரும்பும்போது உகந்தைக்கும் பாணமைக்கும் இடையில் பொழுதுபட்ட பிறகு யானை வீதிக்கு ஏறும். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் ஐந்து மணிக்கு முன் பாணமையைத் தாண்டிவிட வேண்டும். யானையைக் கண்டால் நூறு மீற்றருக்கு அப்பாலேயே நில்லுங்கள், எஞ்சின் ஓடட்டும், பெரிய லைட்டைத் தாழ்த்துங்கள், ஹோன் வேண்டாம், படம் எடுக்க யாரும் இறங்க வேண்டாம். காதை விரித்து உங்கள் பக்கம் திரும்பினால் மெதுவாகப் பின்னால் எடுங்கள். வீதியைக் கடந்து பற்றைக்குள் போய்விட்டது என்று உடனே கிளம்பாதீர்கள். முன்னால் போனது பெரியதென்றால் பின்னால் குட்டியோடு இன்னும் இரண்டு மூன்று வரலாம். ஐந்து நிமிடம் பொறுத்து, இரண்டு பக்கப் பற்றையிலும் கிளை முறியும் சத்தம் நின்ற பிறகு வாகனத்தை எடுங்கள். பெற்றோலைப் போகும்போதே பொத்துவிலில் நிரப்பியிருந்தால் இந்த ஐந்து நிமிடத்தில் எஞ்சினை ஓடவிடத் தயங்க வேண்டி வராது.